அறுபதாம் கல்யாணத்திற்கு ஒரு குதிரை

அன்பு மகளுக்கு,

ஆசிகள். உன் கடிதம் கிடைத்தது. ஆவணியில் நடக்கவிருக்கும் என் அறுபதாம் கல்யாணத்திற்கு, 1980-இல் சீனா வெளியிட்ட குரங்கு அஞ்சல் தலையை வாங்கித் தரலாம் என்று நீ நினைப்பதைப் படித்தேன். மனம் நிறைந்தது, ஆனால் வாங்க வேண்டாம்.

அந்தக் குரங்கின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. தான் வளர்த்த குரங்கை நினைத்து ஓவியர் ஹுவாங் யோங்யூ வரைந்தது அது. சிவப்புப் பின்னணியில் கருங்குரங்கு ஒன்று நேராக நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். உடலின் ரோமங்களைச் செதுக்குத் தகட்டில் அச்சிட்டதால், விரல் நுனியால் தடவினால் மை மேடாகத் தட்டுப்படும். அன்றைய விலை 8 ஃபென். 80 தலைகள் கொண்ட முழுத் தாளே 6.40 யுவான்தான். அப்போது சேகரிப்போர் குறைவு என்பதால் பெரும்பாலானவை கடிதங்களில் ஒட்டப்பட்டுத் தீர்ந்துபோயின. பின்னாளில் ஒரு முழுத் தாள் பத்து லட்சம் யுவானுக்கும் மேல் ஏலம் போனதற்கு அதுவே காரணம். இவ்வளவு விலை போகும் பொருளுக்குப் போலி வராமல் இருக்குமா? ரோமங்கள் தட்டையாக அச்சான போலிகள் ஏராளமாக உலவுகின்றன. கையில் எடுத்துப் பார்க்காமல் படத்தை மட்டும் நம்பிப் பணம் அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. அதோடு, ஆண்டுக்கொரு விலங்கை வைக்கும் சீனக் கணக்கில் நான் குரங்கு ஆண்டில் பிறந்தவனும் அல்ல.

நான் பிறந்தது 1966, பராபவ ஆண்டு. சீனக் கணக்கில் அது நெருப்புக் குதிரை. நம்முடைய பிரபவ முதல் அட்சய வரையிலான சுற்றைப் போலவே, பன்னிரண்டு விலங்குகளும் ஐந்து மூலகங்களும் சேர்ந்து அவர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுற்று உண்டு. ஆகவே 2026-இல் நமக்குப் பராபவமும் அவர்களுக்கு நெருப்புக் குதிரையும் ஒன்றாகவே திரும்பி வருகின்றன. எனக்குத் தருவதென்றால் குதிரையைத்தான் தர வேண்டும்.

ஆனால் 1966-க்குச் சீனத்துக் குதிரை கிடையாது. அந்தந்த ஆண்டின் விலங்கைத் தலையில் வெளியிடும் அவர்களது வரிசையே 1980-இல் அந்தக் குரங்குடன்தான் தொடங்கியது. ஹாங்காங் 1967-இல் ஆட்டுடன் தொடங்கியதால், அங்கும் ஓராண்டில் தவறிவிட்டது. எல்லோருக்கும் முன்பே, 1950-இல் மருயாமா ஓக்கியோவின் புலி ஓவியத்துடன் தொடங்கிய ஜப்பானிடம்தான் என் குதிரை இருக்கிறது: ஹனமகி ஊரில் வைக்கோலால் செய்யும் குதிரைப் பொம்மையின் படம் உள்ள 5 யென் தலை, 1966 புத்தாண்டுக்காக வெளியானது. ஜப்பானியப் புத்தாண்டுத் தலைகள் மிகுதியாக அச்சிடப்பட்டவை என்பதால் விலை உன் ஒருவேளைச் சாப்பாட்டைத் தாண்டாது. அதனுடன் சீனாவின் 1990 குதிரையும் கிடைத்தால் வாங்கு. கடைக்காரர் 1978-இல் சீனத் தலைகளாக வந்த, ஓவியர் சூ பெய்ஹோங்கின் ஓடும் குதிரைகளைக் காட்டக்கூடும். அழகானவைதாம், ஆனால் அவை ஆண்டு விலங்கு வரிசையைச் சேர்ந்தவை அல்ல.

நீ இருக்கும் சிங்கப்பூரில் 1996-இல் எலியுடன் தொடங்கிய வரிசை இப்போது மூன்றாம் சுற்றில் இருக்கிறது. இந்த ஆண்டுக் குதிரையை அஞ்சலகத்திலேயே வாங்கி, அதை ஒட்டியே எனக்குக் கடிதம் போடு. முத்திரை தெளிவாக விழுந்த தலை, பெட்டியில் பூட்டிய புதுத் தலையைவிட எனக்கு மேல். சிவப்பு உறை மட்டும் வேண்டாம். நீரில் ஊறப்போடும்போது அதன் சாயம் இறங்கித் தலையின் ஓரத்துப் பற்களெல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். தானே ஒட்டிக்கொள்ளும் வகைத் தலையானால் நீரில் கழலாது; அதை உறையோடு சேர்த்துச் சதுரமாக வெட்டித்தான் வைப்பேன்.

என் ஆல்பத்தை நாடு வாரியாக அடுக்காமல் ஆண்டு வாரியாக அடுக்குவது உனக்குத் தெரியும். 2023-ஆம் ஆண்டுப் பக்கத்தைத் திறந்தால் ஏன் என்பது விளங்கும். சீனத் தலையில் ஹுவாங் யோங்யூ தொண்ணூற்று எட்டு வயதில் வரைந்த, சிவந்த கண்களையுடைய நீல முயல் பேனாவும் கடிதமும் ஏந்தி நிற்கிறது. பார்க்கவே பயமாக இருக்கிறது என்று அங்கே பலர் முகம் சுளித்தார்கள், எனக்கு அதன் குறும்பு பிடித்திருக்கிறது. அதே பக்கத்தில் வியட்நாமின் தலையில் பூனை இருக்கிறது, ஏனெனில் அவர்கள் கணக்கில் அந்த ஆண்டு முயலுடையது அன்று. 2019-க்குச் சீனா பன்றியையும் ஜப்பான் காட்டுப் பன்றியையும் வைத்தன. சீனப் பன்றித் தலையில் தாய் தந்தையுடன் மூன்று குட்டிகள் இருந்ததைப் பார்த்துவிட்டு, பிள்ளைப்பேற்றுக் கட்டுப்பாடு தளரப்போகிறது என்று மக்கள் ஊகித்தார்கள். 2021-இல் மூன்றாம் பிள்ளைக்கு அனுமதியும் வந்தது.

குதிரைப் பக்கத்தில் அமெரிக்காவுக்கும் இடம் விட்டிருக்கிறேன். 1992 டிசம்பரில், ஹொனலுலுவின் கிளாரன்ஸ் லீ காகித வெட்டுப் பாணியில் வடிவமைத்த 29 சென்ட் சேவலுடன் அவர்கள் தொடங்கினார்கள். அதே வரிசையில் 2002-க்குரிய குதிரையும் உண்டு. அலைய வேண்டாம், கண்ணில் பட்டால் போதும்.

வைக்கோல் குதிரையைத் தபாலில் அனுப்பாதே. ஆவணிக்கு வரும்போது இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்து நீயே கொண்டு வா. மழைக்கால ஈரத்தில் பசை ஒட்டிக்கொள்ளும் என்பதால், பிளாஸ்டிக் உறைக்குள் போட வேண்டாம். அம்மா உன் பயணத் தேதியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். டிக்கெட் எடுத்ததும் எழுது.

அன்புடன்,
அப்பா