அடுத்த முறை கல்லூரி மூடினால், லென்ஸைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்

தமிழ்நாட்டு ஆப்டோமெட்ரி (கண் பரிசோதனைப் படிப்பு) கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

2020-21இல் முதலாண்டு படித்தவர்களில் நானும் ஒருத்தி. மூன்றாண்டு வகுப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப் எல்லாம் முடித்து இப்போது காரைக்குடியில் கண் பரிசோதனை செய்கிறேன். யார் மீதும் குற்றப்பத்திரிகை வாசிக்க இந்த மடல் எழுதவில்லை. ‘எல்லாரும் பாஸாகிவிட்டார்களே, அப்புறம் என்ன’ என்று அந்த ஆண்டின் ஃபைலைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டீர்களோ என்ற சந்தேகத்தில் எழுதுகிறேன். கல்லூரியை மூட இன்னொரு கொரோனாதான் வர வேண்டும் என்பதில்லை. ஒரு பெருவெள்ளம் போதும்.

கொரோனாவில் கல்லூரி மூடியபோது, நான் படித்த இடத்தில் எடுத்த முடிவு இது: தியரியை ஆன்லைனில் முடிப்போம், பிராக்டிகலைத் திரும்பி வந்ததும் பார்த்துக்கொள்வோம். உடலியங்கியலுக்கும் உயிர்வேதியியலுக்கும் அது பரவாயில்லை. எங்கள் ஆசிரியர்கள் தொண்டை வறள நடத்தினார்கள். குறை சொன்னால் பாவம். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள், ஆனால் அந்தக் கனத்த சுவருக்குள் செல்போன் சிக்னல் நுழையாது என்பது குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே திண்ணையில் உட்கார்ந்து வகுப்பு. ஒளிக்கதிர் லென்ஸுக்குள் நுழையும், படம் அப்படியே நின்றுவிடும். அது எங்கே போய்க் குவிந்தது என்பதை மறுநாள் பி.டி.எஃப்.இல் தேடுவோம்.

என் பிணக்கு ஒளியியல் பாடத்தோடுதான். லென்ஸ் என்பதையே தொடாமல் ஒரு வருடம் லென்ஸைப் பற்றிப் படித்தோம்.

வீட்டில் லென்ஸ் இல்லாமலா இருந்தது? அப்பத்தாவின் படிக்கும் கண்ணாடியின் பவர் பிளஸ் 2.50. அதை வளவு முற்றத்து வெயிலில் பிடித்து மெல்ல உயர்த்தினால், தரையிலிருந்து ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் உயரத்தில் ஒளி சுருங்கிப் பொட்டாகிவிடும். ஒன்றைப் பவரால், அதாவது 2.5ஆல், வகுத்தால் குவியும் தூரம் 0.4 மீட்டர், பரீட்சைக்கு மனப்பாடம் செய்த சூத்திரம் தரையில் கிடந்தது. ஆத்தங்குடிக் கற்கள் நான்கு கூடும் இடத்தில் இயல்பாகவே ஒரு சிலுவைக் கோடு இருக்கிறது. அதன்மேல் கண்ணாடியைப் பிடித்து நகர்த்தினால், மைனஸ் லென்ஸில் கோடும் கூடவே நகரும், பிளஸ் லென்ஸில் எதிர்ப்பக்கம் ஓடும். சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் பவர் கூடிய லென்ஸ்) உள்ள கண்ணாடியைத் திருப்பினால் கோடுகள் கத்தரிக்கோல் போல விரியும், மூடும். பார்வையைச் சோதிக்கும் எழுத்து அட்டையான ஸ்நெல்லன் சார்ட்டுக்கு வேண்டிய 6 மீட்டருக்கு எங்கள் ஊர் வளவுகளில் பஞ்சமே இல்லை. இயல்பான பார்வைக்கான 6/6 வரிசையின் எழுத்து 8.7 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். ஒரு ஸ்கேலும் கறுப்பு மையும் போதும். பட்டணத்து ஃபிளாட்டில் இருந்த தோழிக்கு நிலைக்கண்ணாடியை வைத்து 3 மீட்டரில் சமாளிக்க வேண்டியிருந்தது, அதுவும் ஒரு பாடம்தான்.

இதையெல்லாம் யாரும் எங்களைச் செய்யச் சொல்லவில்லை. போரடித்துப்போய் நானாகச் செய்தது.

கறிக்கடையில் ஆட்டுக் கண் வாங்கிவந்து கொல்லைப்புறத்தில் அறுத்ததும் அப்படித்தான். (அதற்குப் பிறகு அந்தக் கத்தி சமையல்கட்டுக்குள் வரக்கூடாது என்று அப்பத்தா உத்தரவு.) விழித்திரை ஈரத் தாள் போல உரிந்து வந்து, பார்வை நரம்புத் தட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. அதன் பின்னே மயில்நீலத்தில் மின்னும் படலம், ஆட்டுக்கு உண்டு, நமக்குக் கிடையாது. ரெட்டினல் டிடாச்மென்ட் (விழித்திரை பிரிந்துவிடுவது) என்ற சொல் பின்னாளில் வந்தபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இரண்டாமாண்டில், கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவர் கண்டுபிடிக்கும் ரெட்டினோஸ்கோப் கைக்கு வந்தபோதுதான் போன ஆண்டின் பள்ளம் தெரிந்தது. கண்பாவைக்குள் ஒளிக்கீற்று கூட நகர்ந்தால் பிளஸ் சேர்க்க வேண்டும், எதிர்த்து நகர்ந்தால் மைனஸ். அசைவு நின்றதும், 67 சென்டிமீட்டரில் உட்கார்ந்திருந்தால், கிடைத்த பவரில் 1.50 கழிக்க வேண்டும். லென்ஸின் நடத்தை கையில் படிந்தவர்களுக்கு இது சில நாள் வேலை. மற்றவர்கள் ஒவ்வொரு முறையும் வாய்க்குள் விதியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்க்கின் ஆவி ட்ரையல் ஃப்ரேமில் (லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் சட்டம்) படிந்து, எதிரே இருப்பவர் ‘மங்குது’ என்றால் அது பவரா, பனியா என்று வேறு குழப்பம். அவர்கள் மக்குகள் அல்ல. முதலாண்டில் அவர்கள் கையில் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

நாங்கள் திண்ணையில் இருந்த அதே 2021 மார்ச்சில்தான் துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆப்டோமெட்ரிஸ்டுக்கும் அதில் இடம் உண்டு. சட்டம் தரும் மரியாதையை, வகுப்பறை பூட்டியிருந்த காலத்திலும் கற்றுக்கொண்ட கைகள்தான் காப்பாற்ற வேண்டும்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. பிளஸிலும் மைனஸிலும் சில தனி லென்ஸுகள், ஒரு சிலிண்டர், பின்ஹோல் (ஊசித்துளைத் தட்டு), ஆக்லூடர் (ஒரு கண்ணை மறைக்கும் தட்டு), பி.டி. ஸ்கேல் (கண்பாவைகளுக்கு இடையிலான தூரத்தை அளப்பது), கிட்டத்தில் வைத்துப் படிக்கும் எழுத்து அட்டை. இவை ஒரு சின்னப் பெட்டியில் அடங்கும். சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொண்டு கடனாகக் கொடுங்கள். உடைத்தால் பணம் கட்டட்டும். கூடவே வீட்டில் செய்யவேண்டியதை ரெக்கார்டு நோட்டில் சேர்த்து மதிப்பெண் போடுங்கள். மதிப்பெண் இல்லாததை முதலாண்டுப் பிள்ளை செய்யாது, இதில் நாம் ஒருவரையொருவர் ஏமாற்ற வேண்டாம்.

இன்னொன்று. மாணவர் எந்த ஊரில் மாட்டிக்கொண்டாரோ அந்த ஊரையே பாடமாக்குங்கள். காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்பவர் நூல் அறுந்த இடம் தெரியவில்லை என்று வந்து உட்காருகிறார். புத்தகம் படிக்கும் 40 சென்டிமீட்டருக்குக் கொடுத்த கண்ணாடி அவர் தறிக்குப் பொருந்தாமல் போகலாம். கண்ணுக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை அளந்துதான் கொடுக்க வேண்டும். ஆத்தங்குடியில் கல் வார்ப்பவருக்கு வேறு தூரம், ஓலைக் கொட்டான் முடையும் ஆச்சிக்கு வேறு தூரம். முழத்தையும் டேப்பையும் வைத்து ஒரு முதலாண்டு மாணவி இதை எழுதி வரலாம், தள்ளி நின்றுகொண்டே. இன்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே ‘என்ன வேலை பார்க்கிறீங்க, எவ்வளவு தூரத்துல வச்சுப் பார்ப்பீங்க?’ என்பதுதான்.

திரும்பிக் கல்லூரி திறந்ததும் முதல் இரண்டு வாரம் தேர்வு வேண்டாம், லேப் மட்டும் இருக்கட்டும். அடுத்த கல்வியாண்டுக்குக் கருவி வாங்கும் பட்டியல் உங்கள் மேசைக்கு வரும்போது, கடன் பெட்டிகளுக்கும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பெட்டிக்குள் என்ன வைப்பது, ரெக்கார்டில் என்ன எழுதச் சொல்வது என்று உட்கார்ந்து பேச எங்கள் ஆண்டில் படித்தவர்களைக் கூப்பிட்டால் வருவோம்.

இப்படிக்கு,
2020-21இல் முதலாண்டு படித்த ஒரு மாணவி,
காரைக்குடி