தொட்டியில் வளரும் ஆஸ்பிடிஸ்ட்ரா

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்து மீண்டும் மாடிப்படி ஏறுகிறீர்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. நான் பிரித்துக் கொடுத்த ஆஸ்பிடிஸ்ட்ரா என்ற நிழற்செடியின் இலைகள் மஞ்சளாகிச் சாய்வதாக வருந்தி எழுதியிருந்தீர்கள். நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுவதாகவும் சொல்லியிருந்ததால், காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மண்ணுக்குள் படுக்கைவாட்டில் ஓடும் தடித்த தண்டில் இச்செடி நீரைச் சேர்த்து வைத்துக்கொள்வதால், சில நாள் காய்ந்தாலும் தாங்கிக்கொள்ளும். ஆனால் வேரைச் சுற்றி எந்நேரமும் ஈரம் நின்றால், காற்றுக் கிடைக்காமல் அழுகிவிடும். செடியைத் தொட்டியிலிருந்து மெல்ல எடுத்துப் பாருங்கள். பழுப்பேறி, அழுத்தினால் நசுங்கும் வேர்களை வெட்டிவிட்டு, மக்கிய இலைமண்ணுடன் பெர்லைட் என்ற, நீரை வடியவிடும் இலேசான வெண்துகள்களைக் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நடுங்கள். வேர்க்கட்டைவிடச் சற்றே பெரிய தொட்டி போதும். மிகப் பெரிய தொட்டியில் மண் எளிதில் உலராது. அதன் பிறகு இரண்டு அங்குல ஆழத்தில் விரலுக்கு ஈரம் படாதபோது மட்டும் ஊற்றுங்கள்.

வெயில் நேராகப் படாத இடமே இதற்கு ஏற்றது. தெற்கு ஜப்பானின் தீவுகளில், மரங்களின் அடிநிழலில் வளரும் இனம் இது. வெயில் பட்டால் இலை வெளுத்துக் கருகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எரிவாயு விளக்கேற்றிய இங்கிலாந்து வீடுகளின் இருண்ட கூடங்களிலும் தாக்குப்பிடித்ததால்தான் வார்ப்பிரும்புச் செடி என்ற பெயர் இதற்கு வந்தது.

சென்ற வாரம் மேல்மண்ணைக் கிளறியபோது, இலைக்காம்புகளின் அடியில், மண்ணோடு ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு பூவைக் கண்டேன். சதைப்பற்றான இதழ்களின் நடுவே, காளான் குடைபோல் விரிந்த சூலகமுடி, அதாவது மகரந்தத்தை ஏற்கும் உறுப்பு, உள்ளே இருப்பதையெல்லாம் மூடியிருந்தது. இத்தனை ஆண்டு வளர்த்தும் அதை நான் பார்த்ததே இல்லை! நத்தைகளோ மண்ணில் துள்ளும் சிற்றுயிர்களோதான் இதற்கு மகரந்தம் சேர்க்கின்றன என்று முன்பு கருதினார்கள். காளான்களை அண்டி வாழும் சிற்றீக்களே அதைப் பெரிதும் செய்கின்றன என்று 2018இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். உங்கள் செடி தேறியபின் நீங்களும் மண்ணோரம் தேடிப் பாருங்கள்.

இலைகளை மாதம் ஒருமுறை ஈரத்துணியால் இருபுறமும் துடையுங்கள். சிலந்திப்பேனும் செதில்பூச்சியும் அப்போதே கண்ணில் படும். உரத்தை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள், அடிபட்ட வேருக்கு அது சுமை. புதிய இலை சுருட்டிய ஈட்டிபோல் மண்ணைத் துளைத்து வந்து விரிவதற்கே பல வாரங்கள் ஆகும், ஆண்டுக்குச் சில இலைகளே வரும். ஆகவே, தளிர் காணவில்லையே என்று மீண்டும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்.

வேரின் நிறம் எப்படி இருந்தது என்று மறவாமல் எழுதுங்கள். அத்தனையும் அழுகியிருந்தால், என் தொட்டியிலிருந்து மூன்று இலைகளோடு இன்னொரு துண்டு பிரித்துத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்