ரைட்டருக்கும் ஒரு குறுக்குக்கோடு கொடுங்கள்

லிப்ரே ஆபீஸ் ரைட்டரை உருவாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். தமிழ் ஆய்வேடுகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. 2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து நீங்கள் பிரிந்து வந்ததிலிருந்து உங்கள் எழுத்துச் செயலியான ரைட்டரில்தான் வேலை. இத்தனை வருடம் காசு வாங்காமல் கொடுத்தவர்களிடம் இன்னும் ஒன்று கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது: ஒரே கோப்பின் இரண்டு இடங்களை ஒரே சன்னலில் மேலும் கீழுமாகப் பிளந்து பார்க்க ஒரு வசதி வேண்டும்.

முன்னுரையில் 'தொன்மம்' என்று வரையறுத்திருப்பார்கள். இருநூறு பக்கம் தாண்டி, ஐந்தாம் இயலில் அதுவே 'புராணக்கதை' ஆகியிருக்கும். இரண்டையும் ஒருசேரப் பார்த்தால்தான் திருத்த முடியும். மேலே போய்ப் படித்துவிட்டுக் கீழே வந்து சேர்வதற்குள், அங்கே ஒற்று இருந்ததா இல்லையா என்பது மறந்துவிடுகிறது. எஃப்5 அழுத்தினால் நேவிகேட்டர் வரும், தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். சரி, ஆனால் தாவுவது வேறு, பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வேறு.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் 'வியூ' பட்டியில் 'ஸ்ப்ளிட்' இருக்கிறது. அழுத்தினால் நடுவில் ஒரு கோடு விழும். மேலே 5-ஆம் பக்கம், கீழே 205-ஆம் பக்கம். கோப்பு ஒன்றுதான். மேலிருந்து ஒரு பத்தியைப் பிடித்துக் கீழே இழுத்துப் போடலாம்.

'நியூ விண்டோ இருக்கிறதே' என்பீர்கள். இருக்கிறது, தினமும் பயன்படுத்துகிறேன். ஒரே கோப்பு இரண்டு சன்னல்களில் திறக்கும், ஒன்றில் திருத்தினால் மற்றதிலும் மாறும். ஆனால் ஒவ்வொரு சன்னலுக்கும் தனியாக மெனு, கருவிப்பட்டை, அளவுகோல், நிலைப்பட்டை. என் மடிக்கணினித் திரை 1366×768. மேலும் கீழுமாக அடுக்கினால் எழுத்துக்கு மிஞ்சுவது சில வரிகள்தான். பக்கவாட்டில் வைத்தால் வரி முழுசாகத் தெரிய எழுத்தைச் சுருக்க வேண்டும், சுருக்கினால் மெய்யெழுத்தின் புள்ளி மங்கிவிடும். புள்ளி தெரியாமல் ஒற்றுப்பிழையை எங்கே பிடிப்பது?

இதில் வேடிக்கை, உங்கள் அட்டவணைச் செயலியான கால்க்கிலேயே திரையைப் பிளக்கும் வசதி உண்டு. அண்ணனுக்குக் கிடைத்தது தம்பிக்கு இல்லை! கட்டங்களைப் பிளப்பதுபோல் பக்கங்களைப் பிளப்பது எளிதல்ல என்றால், குறைந்தபட்சம் இரண்டாவது சன்னலாவது கருவிப்பட்டைகள் இல்லாமல் வெறும் எழுத்தோடு திறக்கட்டும். அப்புறம், சோதனைப் பதிப்பு வந்தால், அடிக்குறிப்புகள் நிறைந்த ஆய்வேடு ஒன்றை அதில் ஏற்றி, எங்கே திணறுகிறது என்று பார்த்துச் சொல்ல நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்