நாகையில் மே மாதத்தில் வஞ்சிரம் தேட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறைக்கு நாகை, நாகூர், வேளாங்கண்ணிப் பக்கம் வருகிறவர்கள் எங்கே சாப்பிடலாம் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடைகளுக்குப் போகும் வழியெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய எல்லாக் கடையிலும் வஞ்சிரம் வறுவலையே சாப்பிடச் சொல்லியிருப்பது நெருடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் இலையில் விழும் வஞ்சிரத் துண்டு பெரும்பாலும் மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் லாரி ஏறி வந்ததாக இருக்கும், அல்லது முன்பே பிடித்துக் குளிர்பதனக் கிடங்கில் வைத்ததாக இருக்கும். இதில் கடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். வருகிற எல்லோரும் வஞ்சிரத்தையே கேட்டால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

கரையோரம் மீன்பிடிக்கும் சிறிய ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை. அவை கொண்டுவரும் நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி, நண்டு ஆகியவைதான் அப்போது உண்மையில் புது மீன். கோலா மீன் கூட்டம் இந்தக் கரைக்கு வருவதும் கோடையில்தான். இவை மெனு அட்டையில் இருக்காது. உட்கார்ந்ததும் “இன்னைக்கு ஃபைபர்ல என்னண்ணே வந்துச்சு?” என்று கேட்க வேண்டும். அதற்கு உடனே பதில் சொல்கிற கடையில் தைரியமாகச் சாப்பிடலாம். மதியம் பன்னிரண்டரைக்குப் போய்விடுவது நல்லது. காலையில் வைத்த குழம்பில் அந்த நேரத்துக்குப் புளியும் உப்பும் மீனில் இறங்கியிருக்கும். இரண்டு மணிக்கு மேல் நெத்திலி தீர்ந்துவிடும். இரவில் மறுபடி மறுபடி கொதித்த குழம்பில் மீன் கரைந்து முள்தான் மிஞ்சும்.

வேளாங்கண்ணியில் கடற்கரைக்குப் போகும் வழியிலுள்ள வறுவல் கடைகளைப் பற்றிக் கட்டுரை ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டது. வெளியூர்க்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் அதுதான். மசாலா தடவி அடுக்கிய மீனின் தரத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. மசாலா தடவாத மீனைக் காட்டச் சொல்லுங்கள். செவுள் சிவப்பாக, கண் பிதுங்கித் தெளிவாக, விரலால் அமுக்கினால் பள்ளம் விழாமல் சதை எழும்ப வேண்டும். விலை துண்டுக்கா எடைக்கா, எடை என்றால் சுத்தம் செய்வதற்கு முன்பா பின்பா என்பதை அடுப்பில் போடுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். தலையும் ஓடும் நீக்கினால் இறால் ஏறக்குறைய பாதியாகிவிடும். பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.

நிறத்தையும் பாருங்கள். பொரித்த மீனில் செயற்கை நிறம் சேர்க்க விதிகளில் இடமில்லை. மிளகாய்த்தூள் மட்டும் போட்ட மீன் பொரிந்ததும் செங்கல் நிறத்துக்கு மங்கும். நிறப்பொடி போட்டது பொரிந்த பிறகும் பளீரென்றிருக்கும், எலுமிச்சை பிழிந்தால் சாறு சிவந்து ஓடும். சட்டியில் எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல் பொங்கினால் நகர்ந்துவிடுங்கள். என்னைக் கேட்டால் எண்ணெயில் முக்கிப் பொரித்ததைவிடத் தோசைக்கல்லில் வறுத்ததே மேல். கல்லில் மீனின் குறை மறையாது.

இரண்டு எச்சரிக்கைகள். கானாங்கெளுத்தி, மத்தி, சூறை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உண்டாகிறது. எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. முதல் வாயிலேயே நாக்கு சுள்ளென்று குத்தினால் தட்டை ஒதுக்கிவிட வேண்டும். முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். சுறாவிலும் திருக்கையிலும் இயல்பாகவே யூரியா உண்டு. மீன் பழசானால் அது அம்மோனியாவாக மாறும். சுறாப்புட்டில் மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால், எத்தனை பூண்டு போட்டிருந்தாலும் அது பழைய மீன்தான்.

நாகூர் வாடாவை விட்டுவிட்டதும் குறை. அரிசி மாவில் வெங்காயம் சேர்த்துத் தட்டி, மேலே இறால் பதித்துப் பொரிப்பது அது. மாலையில் சட்டியிலிருந்து எடுத்த சூட்டிலேயே தின்ன வேண்டும். அரிசி மாவு ஆறினால் இறுகிவிடும் என்பதால் பொட்டலம் கட்டி ஊருக்குக் கொண்டுபோவதில் பயனில்லை. ரமலான் மாதத்தில் நாகூரில் பகலில் பல கடைகள் மூடியிருக்கும் என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

மீனுக்காகவே வருகிறவர்களுக்குப் புரட்டாசியைச் சொல்வேன். பல வீடுகளில் அசைவம் நிறுத்துவதால் மீன் விலை இறங்கும், நல்ல மீன் கடைகளுக்குத் தாராளமாகக் கிடைக்கும். அதற்கு முன்பு வரும், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா நாட்களைத் தவிர்க்கலாம். அப்போதுதான் வர முடியும் என்றால், பன்னிரண்டு கிலோமீட்டர் வடக்கே நாகைக்கு வந்து மதியச் சாப்பாடு சாப்பிடுங்கள். வேளாங்கண்ணியில் கூட்டத்துக்காக அவசரத்தில் பொரித்தது நடுவில் வேகாமலே இருக்கும்.

அடுத்த முறை இப்படி ஒரு பட்டியல் வெளியிடும்போது, ஒவ்வொரு கடைக்கும் எதிரே எந்த மாதம் என்ன மீன் என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நாகப்பட்டினம்