சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு: ஆக்சிஜன் சிகிச்சைக் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்:
மேலாளர்,
உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை மையம்,
சென்னை.

ஐயா,

வணக்கம். என் அம்மாவுக்கு 64 வயது. படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்து நாலு மாதமாகியும் கை வீங்கி, தோல் பளபளவென்று சிவந்தே கிடக்கிறது. ஃபேன் காற்று பட்டாலே துடித்துப்போகிறார். சிஆர்பிஎஸ், அதாவது அடிபட்ட பிறகு கை காலில் தீராமல் நீடிக்கும் கடும் வலி நோய் என்றார் எலும்பு மருத்துவர்.

இதற்காக உங்கள் மையத்துக்கு வந்தபோது, உங்கள் ஊழியர் 2004-இல் துருக்கியில் வெளியான ஓர் ஆய்வைக் காட்டினார். அம்மாவைப் போலவே மணிக்கட்டு அடிபட்டு இந்த வலி வந்த 71 பேர். அவர்களில் 37 பேருக்கு 2.4 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில், சுத்தமான ஆக்சிஜனில், 90 நிமிட அமர்வுகள் 15. வலியும் வீக்கமும் குறைந்தன. அதை நம்பித்தான் 20 அமர்வுக்கு 60,000 ரூபாய் கட்டினேன்.

நீங்கள் அம்மாவைப் படுக்கவைத்ததோ ஜிப் போட்ட ஒரு பைக்குள். உங்கள் ஆளே அது 1.3 மடங்கு அழுத்தம்தான் என்றார். கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று பதில். எப்படி ஒன்றாகும்? அந்த ஆய்வைக் காட்டிப் பணம் வாங்கிவிட்டு, அதன் பாதி அழுத்தத்தைச் சற்றே தாண்டும் பையைக் கொடுத்திருக்கிறீர்கள்.

ஆறாம் நாள் நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்று அம்மாவுக்குச் சளி. யாரும் கேட்கவில்லை. அழுத்தம் ஏறும்போது காது அடைக்காமலிருக்க எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சொல்லித் தரவில்லை. தலையில் எண்ணெய், உடம்பில் நைலான் புடவை. ஆக்சிஜன் ஓடும் இடத்தில் இவை தீப்பிடிக்கும் ஆபத்து, அதையும் ஒருவரும் பார்க்கவில்லை. காது வலி பொறுக்காமல் அம்மா நல்ல கையால் பிளாஸ்டிக் ஜன்னலைத் தட்டித் தட்டி ஓய்ந்தபோது, உதவியாளர் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். செவிப்பறையில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் காது மருத்துவர்.

அப்புறம், உங்கள் துண்டுப்பிரசுரம். "அமெரிக்க எஃப்டிஏ ஒப்புதல், நூறு சதவீத குணம்" என்று போட்டிருக்கிறீர்கள். எஃப்டிஏ என்ற அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தச் சிகிச்சைக்கு ஒப்புதல் தந்த நோய்களின் பட்டியலில் ஆறாத சர்க்கரை நோய்ப் புண், கார்பன் மோனாக்சைடு நச்சு போன்றவை உண்டு. சிஆர்பிஎஸ் இல்லை. வலியில் தவிப்பவர்கள் எதையும் நம்புவார்கள் ஐயா, அவர்களிடம் இப்படிச் சொல்லாதீர்கள்.

60,000 ரூபாயையும் காது சிகிச்சைச் செலவு 4,200 ரூபாயையும் 15 நாளில் திருப்பித் தரவும். அந்த வாசகத்தையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். ரசீதும் காது மருத்துவரின் சான்றும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
நோயாளியின் மகன்