வரைபடத்தில் மட்டும் தெரியும் மலைகள்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் வருஷத் திதி நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பெரியவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. எங்கள் கிளை நூலகத்தின் ஒழுகும் கூரையையும் சரிசெய்துவிட்டார்கள், இந்த மழைக்குப் புத்தகங்கள் தப்பும்.

பாப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். ஆச்சி போனதிலிருந்து ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் தடித்தடி மாயக்கதைப் புத்தகங்களையே திரும்பத் திரும்பப் படிக்கிறாள், நிஜத்தை விட்டு ஓடுகிறாளோ என்று கவலைப்படுகிறாய். எனக்கு அந்தக் கவலை இல்லை.

அதை எழுதிய மனிதரைப் பார். முதல் உலகப் போரில், 1916இல், பிரான்சின் சோம் போர்க்களத்தில் இருந்தவர். பள்ளி நாளிலிருந்து உயிராகப் பழகிய நண்பர்களில் ஒருவர் அந்தச் சோம் சண்டையின் முதல் நாளே செத்துப்போனார், இன்னொருவர் அந்த டிசம்பரில். இவருக்குப் பேன் பரப்பும் காய்ச்சல் வந்து இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். உடம்பு தேறிக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் கொண்டோலின் என்ற கற்பனை நகரம் வீழும் கதையை எழுதினார். 1954இல் வெளிவரத் தொடங்கிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற பெரிய நாவலில், தண்ணீருக்கடியில் செத்தவர்களின் முகம் தெரியும் சதுப்பு நிலம் ஒன்று வரும். அது சோம் சண்டைக்குப் பிந்தைய வட பிரான்சுக்குக் கொஞ்சம் கடன்பட்டது என்று அவரே ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார். ஓடிப்போகிறவர் அந்தச் சதுப்பு நிலத்தையா கூடவே தூக்கிக்கொண்டு போவார்?

1939இல் ஸ்காட்லாந்தில் ஆற்றிய உரையில் அவர் இதை நேராகவே பேசினார். சிறையில் கிடப்பவன் வீட்டை நினைத்தால் அதில் என்ன குற்றம்? போர்முனையை விட்டு ஓடுகிறவனையும் இவனையும் ஒன்றாக்காதீர்கள் என்றார்.

சரி, தப்பிப்பது தப்பில்லை. ஆனால் அங்கே இழுப்பது எது? நூலகத்தில் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறேன். இந்த மாதிரிப் புத்தகங்களைப் படிக்கும்போது நடுநடுவே முன்பக்கத்து வரைபடத்துக்குப் போய்விடுவார்கள். கதை போகாத ஊர்கள், யாரும் ஏறாத மலைகள், அவற்றின் மேலேயே விரல் ஊரும். டோல்கீன் முதலில் மொழிகளைத்தான் உண்டாக்கினார். ஒன்றுக்கு ஃபின்னிஷ் சாயல், இன்னொன்றுக்கு வெல்ஷ் சாயல். அப்புறம்தான் அவற்றைப் பேச மக்களும், அவர்களுக்கு ஒரு சரித்திரமும். ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்கலாம், அன்று வானத்தில் நிலா எந்தப் பிறையில் இருக்கும் என்பதுவரை கணக்குப் பார்த்தார். அதனால் வழியில் ஒரு இடிந்த கோட்டை வந்தால், நாம் படிக்காவிட்டாலும் அதற்கு ஒரு கதை உண்டு என்று நம்பத் தோன்றுகிறது. அந்த நாவலின் கவர்ச்சியில் ஒரு பங்கு இந்தத் தொலைதூரக் காட்சிதான் என்றும், கிட்டே போனால் மாயம் கலைந்துவிடும் என்றும் 1963இல் ஒரு கடிதத்தில் எழுதினார்.

பாப்பாவுக்கு இதில் இன்னொன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த உலகத்தில் செத்தவர்களை யாரும் மறைத்து வைப்பதில்லை. நடந்துகொண்டே, அடுப்பு மூட்டிக்கொண்டே, எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன் போனவர்களைப் பற்றிப் பாடுகிறார்கள். நம் வீடுகளில் பிள்ளைகள் முன்னால் பேச்சை மாற்றிவிடுகிறோம். ஏழு கடல் ஏழு மலை தாண்டி அவளைக் கூட்டிப்போனதே ஆச்சிதானே, அந்த ஆச்சியைப் பற்றி அவள் இப்போது யாரிடம் பேசுவாள்?

முடிவையும் பார். மோதிரத்தைச் சுமந்தவன் ஊரைக் காப்பாற்றுகிறான். ஆனால் பட்ட காயம் ஆறவில்லை. சொந்த மண்ணில் இருக்க முடியாமல் கடல் தாண்டிப் போகிறான். நாமெல்லாம் 'அழாதே, சரியாகிவிடும்' என்றுதான் அவளிடம் சொன்னோம். அந்தப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்த உண்மை தேவைப்பட்டிருக்கிறது.

புத்தகத்தைப் பிடுங்காதே. உனக்கு அந்த வரைபடத்தைக் காட்டச் சொல், அவளே பேசுவாள். அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் எழுதி 1968இல் வெளிவரத் தொடங்கிய தீவுலக நாவல்களில் முதல் மூன்றையும் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் நாயகன் மாநிறத்தவன், மூன்றாவதில் செத்தவர்களின் நாட்டுக்கே போய் வருகிறான். திங்கட்கிழமை பார்சலில் போடுகிறேன். அவளுக்கு முன்னால் நீ படித்துவிட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருகிறோம். முழங்கால் வலிக்கு மாத்திரையை விடாமல் சாப்பிடு.

அன்புடன்,
உன் நண்பன்