நூலகத்தில் மாதம் ஒரு மாலை, நாடகம் வாசிக்க

மாவட்ட நூலக அலுவலர்களுக்கும், கிளை நூலகர்களுக்கும், வாசகர் வட்டத்தினருக்கும் வணக்கம்.

நாடக நூல்களை யாரும் எடுப்பதில்லை என்பது நூலகங்களில் அடிக்கடி கேட்கும் குறை. வாசகரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாடகம் மூலையில் உட்கார்ந்து கண்ணால் மட்டும் படிக்கிற பண்டம் அல்ல. நாலு குரல் சேர்ந்தால்தான் எழுந்து நடக்கும். மாதம் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், வாசிப்பறையைக் கூட்டு நாடக வாசிப்புக்குத் திறந்துவிடுங்கள் என்று கேட்கிறோம். மேடை, ஒப்பனை எதுவும் வேண்டாம். மைக் வேண்டவே வேண்டாம், அது கைக்கு வந்தால் எல்லோருக்கும் வானொலிக் குரல் வந்துவிடுகிறது. பதினைந்து பேர் வட்டமாக உட்கார நாற்காலி போதும்.

பிரதி ஆளுக்கு ஒன்று வேண்டும். இருவருக்கு ஒன்று என்று சிக்கனம் பிடித்தால், தன் முறை வரும்போது ஒருவர் வரியைத் தேடிக்கொண்டிருப்பார், காட்சி அங்கேயே படுத்துவிடும். எழுத்து 14 புள்ளி அளவில் இருக்கட்டும். ஓரத்தில் வரி எண் போட்டால் பிறகு விவாதிக்கும்போது இடத்தைச் சட்டென்று காட்டலாம். ஏ4 தாளில் 30 பக்கம் வரும் நாடகத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும்.

பிரதி எடுப்பதில் உரிமைச் சிக்கல் உண்டு. பதிப்புரிமைச் சட்டம், 1957 தன்னார்வக் குழுவினர் கட்டணமில்லாமல் நாடகம் நிகழ்த்துவதற்கு விலக்குத் தருகிறது. ஆனால் அந்த விலக்கு புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்கவோ, ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடவோ பொருந்தாது. ஆகவே பழையவற்றில் தொடங்குவது நல்லது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922இல். இன்னொரு நாடக ஆசிரியரான பம்மல் சம்பந்த முதலியார் மறைந்தது 1964இல். ஆசிரியர் மறைந்த பிறகும் பதிப்புரிமை நீடிக்கும் 60 ஆண்டுக் காலம் 2024உடன் முடிந்துவிட்டதால் அவர் எழுதியவையும் இப்போது பொதுவுடைமை. இன்றைய ஆசிரியர் என்றால் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

பாத்திரங்களைக் காட்சிக்குக் காட்சி மாற்றிக் கொடுங்கள். நன்றாக வாசிப்பவர் நாயகனைப் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் கடைசிவரை ‘உத்தரவு மன்னா’ என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆண் பாத்திரத்தைப் பெண் வாசிக்கட்டும், கிழவரைக் கல்லூரி மாணவர் வாசிக்கட்டும். குரல் பொருந்தாதபோது வசனத்தின் பொருள் கூடுதலாகக் காதில் விழும். மேடைக் குறிப்புக்குத் தனி ஆள் வேண்டும், இல்லாவிட்டால் யார் உள்ளே வந்தார், யார் போனார் என்பதிலேயே சண்டை வரும். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கு இரண்டு நாள் முன்பே பிரதி போய்ச் சேர வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகம் என்றால் பாட்டு வரும். மெட்டுத் தெரிந்தவர் இல்லாவிட்டால் செய்யுளாகவே நிதானமாக வாசித்தால் போதும். தலைமையுரை, பொன்னாடை இரண்டையும் தயவுசெய்து தவிருங்கள். அவற்றுக்கே அரை மணி நேரம் போய்விடும்.

விவாதத்தை இணையத்தில் வையுங்கள், வாசிப்பு முடிந்து மூன்று நாள் கழித்து. வேலைக்காக ஊரை விட்டுப் போனவரும், மாடிப்படி ஏற முடியாதவரும், கைக்குழந்தைக்காரரும் அப்போதுதான் வட்டத்துக்குள் வருவார்கள். அறையிலும் இணையத்திலும் ஒரே நேரத்தில் நடத்திப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். ஒரே அறையில் இரண்டு கைப்பேசிகள் ஒலிவாங்கியைத் திறந்தால் ஊளைச் சத்தம்தான். மின்விசிறி இரைச்சலில் அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பாதி வார்த்தை போய்விடும், கால் மணி நேரத்தில் அவர் வெறும் பார்வையாளர் ஆகிவிடுவார்.

ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும், கூகுள் மீட்டின் இலவசக் கணக்கு மூவரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு மணி நேரம் தரும். ‘நாடகம் எப்படி இருந்தது?’ என்று ஆரம்பித்தால் ‘அருமை’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ‘72ஆம் வரியில் இவள் ஏன் பதில் சொல்லவில்லை?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்பவர் அந்த இடத்தைத் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். இணையத்தில் ஒலி சற்றுத் தாமதமாகவே வந்து சேரும். கூட்டுக் குரல் பகுதிகளை ஒருவரே வாசிப்பதுதான் முடியும்.

முதல் மாதத்துக்கு ஐந்து பாத்திரத்துக்கு மேல் போகாத ஓரங்க நாடகம் போதும். நூலகம் மூடும் நேரத்துக்குப் பிறகு நடக்கிறதென்றால் சாவி யார் பொறுப்பு, மின்விளக்கை அணைப்பது யார் என்பதை முன்கூட்டியே வாசகர் வட்டப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
நாடக வாசிப்புக் குழுவினர்